சோதித்துப் பார்த்தவர்

ஜனவரி 9

தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நானும் என் இரத்த அழுத்தமும் மாத்திரையின் தயவில் ஒழுங்காக இருக்கிறோம். உன் சர்க்கரையும் உன் மனைவியின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

முதலில் ஒரு திருத்தம். உன் அண்ணன் எழுதி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் டிரைவரை அவர் நினைவாக நான் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருப்பதாக உங்கள் வீட்டில் பேச்சு என்று கேள்விப்பட்டேன். அது தவறு. உன் அண்ணன் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதியவள் நான். வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, திரையில் படம் வரவைக்கும் அந்த கிராபிக்ஸ் கார்டைச் செய்த கம்பெனி, இலவச இயங்குதளத்துக்கெல்லாம் கார்டை ஓட்டும் நிரலான டிரைவரைத் தர முடியாது என்று கைவிரித்தது. ஒன்பது மாதம் உட்கார்ந்து நானே எழுதினேன். கம்பெனி மூடிவிட்டது, டிரைவர் ஓடுகிறது. உன் அண்ணன் செய்தது இரண்டு காரியம். காபி போட்டுக் கொடுத்தார். அதே கார்டில் இன்னொன்று வாங்கி உன் ஸ்டூடியோவுக்கு அனுப்பினார். காபி நன்றாக இருந்தது. அதை மறுக்கவில்லை.

இனி விஷயம். இயங்குதளத்தின் உள்மையத்தைக் கெர்னல் என்பார்கள். அதற்குப் பத்து வாரத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும். ஒவ்வொரு பதிப்பிலும் உள்ளே எதையாவது மாற்றி வைப்பார்கள். வீட்டுக்காரர் பத்து வாரத்துக்கு ஒருமுறை வாசற்கதவை வேறு சுவருக்கு மாற்றினால் குடியிருப்பவருக்கு எப்படி இருக்கும், அப்படி. பதினேழு வருடமாக நான் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு, தடவிப் பார்த்து, கதவைக் கண்டுபிடித்து, டிரைவரைத் திருத்தி வருகிறேன்.

இப்போது பழைய டிரைவர்களை வெட்டும் பொறுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். கத்திரி என்று பெயர் வைத்திருக்கிறேன். மிக மரியாதையாக எழுதுகிறார். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. "அம்மா, இதை உங்களைத் தவிர வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா? எழுதியவரின் சாட்சி செல்லாது. இன்னொருவர் தன் மெஷினில் சோதித்துப் பார்த்து, தன் பெயரில் ஒரு வரி தரவேண்டும். இல்லையென்றால் ஜூன் பதிப்பிலிருந்து எடுத்துவிடுவோம்" என்கிறார்.

எனக்குத் தெரிந்து இந்தக் கார்டு ஓடுகிற இன்னொரு மெஷின் உன்னுடையதுதான். நீ அதை இணையத்தில் மாட்டாமல் வைத்திருப்பதால் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். உடன் உள்ள ஒன்பது குறிப்புகளை வரிசை மாறாமல் செய். பதிலைப் போனில் சொல்லாதே. போனில் நீ கத்துவதில் பாதி புரிவதில்லை. மீதிக்குச் சாட்சி இல்லை.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 28

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கண்டு எல்லோருக்கும் சந்தோஷம். சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது. இவளுடைய முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது. உங்கள் பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

அந்தப் பேச்சைக் கிளப்பியது நான் இல்லை, என் மகள். "பெரியப்பாதானே கம்ப்யூட்டர் ஆளு?" என்று அவளாக முடிவு கட்டிவிட்டாள். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "பெரியம்மாவா?" என்று கேட்டவள் கடிதத்தைப் பிடுங்கித் தானே இரண்டாம் முறை வாசித்தாள். இந்த வீட்டில் அது சாதனை.

உங்கள் குறிப்புகளைச் சுவரில் ஒட்டி ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். எட்டாவதில் திரை கறுத்துவிட்டது. எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து குனிந்து பார்த்து, "சார், உங்க முட்டி பட்டு பிளக்கு கழண்டிருக்கு" என்றார். பிறகு அருமையாக ஓடுகிறது. பழைய படங்களில் கீறல் எடுப்பது, மங்கினதைத் தூக்குவது என்று என் டச்சிங் வேலை முழுவதும் இதில்தான் நடக்கிறது.

ஆகவே, சோதித்துப் பார்த்தேன், அருமை. என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 10

தம்பிக்கு,

நலம். மாத்திரை நேரத்துக்குப் போடுகிறேன். போடாவிட்டாலும் உனக்குத் தெரியப்போவதில்லை, ஆனாலும் போடுகிறேன். உன் மனைவியை மாடியேறச் சொல்லாதே. துணியை நீ போய்க் காயப்போடு.

"அருமை" என்பது அறிக்கை அல்ல. கான்வென்டில் எங்கள் கணக்கு சிஸ்டரிடம் விடையை மட்டும் எழுதிக் கொடுத்தால் தாளைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார்கள். எது ஓடியது, எப்படி ஓடியது, எத்தனை நேரம் ஓடியது என்று எழுதவேண்டும். இருந்தாலும் உன் வரியைக் கெர்னல் குழுவுக்கு அனுப்பினேன். கத்திரி ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட கையோடு இன்னொன்றும் சொன்னார். வரும் பதிப்பில் நிறங்களைக் கையாளும் முறையையே மாற்றுகிறார்களாம். எல்லா டிரைவரிலும் அந்தப் பகுதியைப் புதிதாக எழுதவேண்டும், புதிதாகச் சோதிக்கவும் வேண்டும்.

எட்டு நாளில் எழுதி முடித்தேன். மற்றவர்கள் ஒரு மாதம் கேட்டிருக்கிறார்கள்.

பென் டிரைவ் இணைத்திருக்கிறேன். நீ சுற்றி வளைக்காமல் இருக்க மூன்றே கேள்வி. ஒன்று, திரை வருகிறதா? இரண்டு, எழுத்துகள் தெளிவாக இருக்கின்றனவா? மூன்று, நிறங்கள் சரியாக இருக்கின்றனவா? ஆம் அல்லது இல்லை என்று எழுது.

அண்ணி


மார்ச் 3

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

எல்லோரும் நலம். ஒன்று ஆம். இரண்டு ஆம். மூன்று ஆம்.

வேலை நிறைய இருப்பதால் இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் கொழுந்தன்


மார்ச் 15

தம்பிக்கு,

நலம். இன்று நலத்துக்கும் மேலே.

கத்திரியின் பதிலை அப்படியே தருகிறேன்: "நன்றி அம்மா. சாட்சி போதுமானது. ஜூன் மாதம் வெட்டும் பட்டியலிலிருந்து உங்கள் டிரைவரை நீக்கிவிட்டேன்." நின்றுகொண்டே இரண்டு முறை படித்தேன். ஒரு மாதம் கேட்டவர்களில் மூன்று பேர் இன்னும் முடிக்கவில்லை. ஒருவருடையது திரையையே கொண்டுவரவில்லையாம். எட்டு நாளில் பிழையில்லாமல் முடிக்க வயது ஒரு தடை இல்லை என்று பெயர் சொல்லாமல், ஆனால் யாருக்கு என்று தெரியும்படி, குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதினேன்.

ஒரு விஷயம். உன் கடிதத்தில் என் இரத்த அழுத்தத்தை நீ விசாரிக்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் இது முதல் முறை. உடம்பு சரியில்லையா, கோபமா? எதுவானாலும் எழுது.

அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தங்கச்சி எழுதுவது. உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. உங்கள் கொழுந்தன் அதை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார், பதில் மட்டும் எழுதவில்லை. சட்டையோடு சேர்த்து ஒருதரம் துவைத்தும் ஆகிவிட்டது. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அக்கா, நீங்கள் இரண்டாவது தரம் அனுப்பினீர்களே, அதைப் போட்ட நாளிலிருந்து கம்ப்யூட்டரில் எல்லோருடைய முகமும் நீலமாக இருக்கிறது. என் தங்கை பேரன் படத்தைத் திறந்தார், குழந்தை நீலம். "ஏங்க, பிள்ளைக்கு மூச்சு முட்டுதா?" என்றேன். "நீ போய் உலை பாரு" என்றார். "அக்காவுக்கு எழுதுங்க" என்றால், "எழுதினா அந்தக் கத்திரி வெட்டிடுவான், வாயை மூடு" என்கிறார். திரையில் நீலமாக இருந்தால் அச்சில் சரியாக வரும் என்று கணக்குப் போட்டு, நீல முகங்களை வைத்துக்கொண்டே வேலை பார்த்தார். அதுவும் நன்றாகத்தான் போனது.

போன மாதம் ரிட்டையர்ட் தலைமையாசிரியை அம்மா தன் ஐம்பதாவது கல்யாண நாள் ஆல்பத்துக்காக வந்தார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏன் சார், எங்க வீட்டுக்காரர் என்ன இப்படி நீலம் பாரிச்சுக் கிடக்கார்? அவர் உயிரோடதான் இருக்கார்" என்றார். இவருக்கு வியர்த்துவிட்டது. அந்த அம்மா கண்முன்னாலேயே அறுபது படத்தையும் நிறம் மாற்றிச் சரிபண்ணிக் காட்டினார். திரையில் எல்லோரும் மனுஷ நிறத்துக்கு வந்தார்கள். அப்படியே அச்சுக்கும் அனுப்பிவிட்டார். ஆல்பம் வந்தது. தாத்தா, பாட்டி, மாப்பிள்ளை, மேடை, மாலை எல்லாம் நீலம். வானம் மட்டும் பழுப்பு.

தெரு முழுக்க இவருக்குக் கண் போய்விட்டது என்று பேச்சு. மகள் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர், "கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். இவர் வெளியே வந்து மகளிடம், "டாக்டர் பாவம் பார்த்துச் சொல்றார்" என்றார். ஸ்டூடியோவைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுக்கப்போகிறாராம். கண் போனவன் என்று பேர் வாங்கினாலும் வாங்குவாரே தவிர, உங்கள் டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் விடமாட்டார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் தங்கச்சி


ஏப்ரல் 26

தம்பிக்கு,

நலம். உன் மௌனத்தைப் பற்றி இப்போது கேட்கவில்லை.

கடைசியாக ஒரு சோதனை மட்டும் செய்துவிடு. பென் டிரைவில் ஒரு படம் இருக்கிறது. இடது பக்கம் ஒரு சிவப்புக் கட்டம், வலது பக்கம் ஒரு நீலக் கட்டம். திறந்து பார்த்து, என்ன தெரிகிறது என்று எழுது. என்ன தெரிந்தாலும் எழுதலாம். நான் கோபப்படமாட்டேன்.

அண்ணி


மே 5

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

எல்லோரும் நலம். உங்கள் பிரஷர் எப்படி இருக்கிறது? போன தடவை விசாரிக்க விட்டுப்போனதற்கு மன்னியுங்கள்.

படத்தைத் திறந்து பார்த்தேன். இடது பக்கம் நல்ல சிவப்பு, வலது பக்கம் நல்ல நீலம். மிகவும் துல்லியம். நாற்பது வருடம் நிறத்தோடு பழகியவன் சொல்கிறேன், இப்படிச் சிவப்பு நான் பார்த்ததில்லை.

உங்கள் கொழுந்தன்


மே 9

தம்பிக்கு,

நீ பார்த்திருக்க முடியாது. அந்தப் படத்தில் சிவப்பே இல்லை, நீலமும் இல்லை. இரண்டு கட்டமும் மஞ்சள். நீ திரையைப் பார்க்கவில்லை. என் கடிதத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாய். பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுகிறவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

கோபப்படமாட்டேன் என்று எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன்.

எனக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்காதே. சந்தேகம் வந்த அன்றே என் வேலையை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டாவது வரி. புதிய முறையில் சிவப்பு முதலில் வரவேண்டும், நீலம் கடைசியில். நான் மாற்றி வைத்திருக்கிறேன். கெர்னல்காரர்கள் தவறில்லை, கார்டின் தவறில்லை, உன் கண்ணின் தவறும் இல்லை. என் தவறு. இந்த இரண்டு வார்த்தையை எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அதே கார்டு என் மேஜையிலும் இருக்கிறதே, எனக்கு ஏன் தெரியவில்லை என்று நீ கேட்கலாம். என் திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து மட்டும்தான். வெள்ளையில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினாலும் வெள்ளைதான். பதினேழு வருடமாக ஒரு கிராபிக்ஸ் டிரைவரைக் கட்டிக் காப்பவள் அதில் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. நேற்றுதான் உன் அண்ணனின் படம் ஒன்றைத் திறந்தேன். நீலமாக இருந்தார்.

உன் சாட்சியைத் திரும்பப் பெறுவதாக இன்று காலை குழுவுக்கு எழுதிவிட்டேன். டிரைவர் மறுபடி வெட்டும் பட்டியலில் இருக்கிறது. நீ ஏன் இப்படிச் செய்தாய்? பூசி மெழுகாமல் எழுது.

அண்ணி


மே 16

அண்ணிக்கு,

எல்லோரும் நலம். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். நான்கு நாளாகக் கேட்காமலே இரண்டாவது காபி வருகிறது.

மெழுகாமல் எழுதுகிறேன். முதல் நீல முகத்தைப் பார்த்தபோதே உங்கள் கைவரிசை என்று தெரியும். உங்கள் மூன்றாவது கேள்விக்கு முன்னால் பேனாவோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். "இல்லை" என்று எழுதினால் கத்திரி வெட்டுவார். தவிர, "அருமை" என்று எழுதியதற்கே ஒரு பக்கம் வாங்கிக் கட்டிக்கொண்டவன், "தப்பு" என்று எழுதினால் என்ன கிடைக்கும் என்று யோசித்தேன். நான் நெகட்டிவில் டச்சிங் செய்து வளர்ந்தவன். கறுப்பு முடியை வெள்ளையாகவும் வெள்ளைச் சட்டையைக் கறுப்பாகவும் பார்த்தே பாதி ஆயுள் போயிற்று. நீலம்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். தலைமையாசிரியை அம்மா நாற்காலியை இழுத்துப்போடுவார் என்று யார் கண்டது?

இதில் நான் முதல் ஆள் இல்லை அண்ணி. உங்கள் டிரைவர் முதலில் வந்த வருடம் நான் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேனே, நினைவிருக்கிறதா? திரையின் வலது ஓரத்துக்குப் போனால் மவுஸ் அம்பு காணாமல் போய்விடும். அண்ணன் மூன்று மாதமாக அந்த ஓரத்துக்கே போகாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லிட வேண்டியதுதானே அண்ணா?" என்று கேட்டேன். "நீ போய்ச் சொல்லு. நான் காபி போடறேன்" என்றார். நானும் போகவில்லை. மூன்று பேரும் காபி குடித்தோம்.

திட்டுவதாக இருந்தால் எழுத்திலேயே திட்டுங்கள். உங்கள் பிரஷருக்கு அதுதான் நல்லது.

உங்கள் கொழுந்தன்


மே 23

தம்பிக்கு,

இரத்த அழுத்தம் இரண்டு நாள் ஏறி, இறங்கிவிட்டது. உன் மனைவியிடம் நான் விசாரித்ததாகச் சொல். அவள் சொன்னாள் என்று நான் எங்கும் எழுதவில்லை என்பதையும் சொல். நானூற்றுப் பன்னிரண்டாவது வரியைத் திருத்திவிட்டேன்.

அந்த ஓரத்து அம்பை நானே கண்டுபிடித்தேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன், "இந்த ஓரத்துல தூசி இருக்கா பாரேன், என் கண்ணுக்குத் தெரியல" என்று என்னைக் கூப்பிட்டார். துணியை எடுத்துக்கொண்டு போனேன். தூசி இல்லை. அம்புதான் இல்லை. அன்றே திருத்தினேன். உன் கடிதம் படித்த பிறகு நெடுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

கத்திரி பதில் அனுப்பியிருக்கிறார். தன் டிரைவருக்குச் சாதகமான சாட்சியைத் தானே திரும்பப் பெற்றவரை இதுவரை பார்த்ததில்லையாம். அதற்காக விதி மாறாது. ஜூன் ஆறாம் தேதிக்குள் வேறு சாட்சி வராவிட்டால் வெட்டு நிச்சயம். கீழே இன்னொரு பத்தி: "இந்தச் சமயத்தில் ஒன்றைச் சொல்லலாமா அம்மா? மெஷின் தூங்கி எழும்போது உங்கள் டிரைவர் இரண்டு வருடமாக ஒரு எச்சரிக்கை காட்டுகிறது. முன்பு சுட்டிக்காட்டிய ஒருவருக்கு நீங்கள் எழுதிய பதிலைப் படித்தேன். அதனால் சொல்லவில்லை." அந்தப் பதிலைத் தேடி எடுத்துப் படித்தேன். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எனக்கு அப்படி யாராவது எழுதியிருந்தால் நானும் அந்தப் பக்கம் மறுபடி போயிருக்கமாட்டேன்.

தலைமையாசிரியை அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். நீலத்துக்குக் காரணம் ஸ்டூடியோக்காரரின் கண் அல்ல, அவருடைய அண்ணியின் கை என்று எழுதி, ஆல்பத்தைத் திருப்பி அச்சடிக்கும் செலவு என்னுடையது என்றும் சொல்லியிருக்கிறேன். தெருவுக்குச் சொல்ல அந்த அம்மாவைவிடத் தகுந்த ஆள் இருக்கமுடியாது. உன் மகளிடம் சாவியைக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு.

பென் டிரைவ் இதனுடன் இருக்கிறது. இந்த முறை கேள்விகள் இல்லை. வெறும் தாளும் என் விலாசம் எழுதிய உறையும் வைத்திருக்கிறேன். திறந்து, நாலு முகங்களை நன்றாகப் பார். மெஷினைத் தூங்கவைத்து எழுப்பி மறுபடி பார். என்ன தெரிகிறதோ அதை எழுது. டிரைவர் போனால் போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இருக்கவேண்டும். உன் மெஷினில் யாராவது நீலமாக இருந்தால், "நீலம்" என்று எழுது. திருத்த எனக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஜூன் நான்காம் தேதிக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி, உன் கையெழுத்துப் போட்டு, எழுத்தில் பதில் அனுப்பு.

அண்ணி